திருகாணித் தலையில் ஒரு கீறல்



போன சித்திரையில் ஒரு காலை என் கைக்கடிகாரம் நின்றுபோனது. சாவி கொடுத்துப் பார்த்தேன். பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டு போனது. எச்.எம்.டி. ஜனதா, 17 ஜுவல்ஸ். 1975-இல் அரியர்ஸ் பணம் வந்தபோது கடையில் சொல்லிவைத்து, காத்திருந்து வாங்கியது.

அதற்குத் தினமும் சாவி கொடுத்தது நான் இல்லை, என் மனைவி. காலை ஆறு மணிக்கு டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அலமாரியிலிருந்து எடுத்து இருபது இருபத்தைந்து திருப்பு திருப்பி வைத்துவிடுவாள். ஆபீஸுக்குப் புறப்படும்போது நான் எடுத்துக் கட்டிக்கொள்வேன். 2008-இல் ரிடையர் ஆன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான்தான் சாவி கொடுத்து வந்தேன். அவளைவிட அழுத்தித் திருப்பி ஸ்பிரிங்கை அறுத்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடை. முப்பது வயது இருக்கும் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஸ்பிரிங் கட்டுங்க சார். மாத்திடலாம், சாயங்காலம் வாங்க” என்றான். சாயங்காலம் போனால் முகம் சரியில்லை.

“ஒரு ஸ்குரூ தலை போயிடுச்சுங்க சார். இனிமே பிரிட்ஜைக் கழட்ட முடியாது. உள்ளே குவார்ட்ஸ் மெஷின் வச்சிடலாம். டயலு, முள்ளு எல்லாம் இதேதான், வெளியே வித்தியாசமே தெரியாது. தினமும் சாவி கொடுக்கிற வேலையும் இல்லைங்க.”

நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குத்தான் அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஒன்றும் பேசாமல் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு எழுத வந்தது அந்தத் “தலை போயிடுச்சு” என்ற பேச்சைப் பற்றித்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் நாலடி அகலக் கடை ஒன்று உண்டு. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். சுவரில் நின்றுபோன கடிகாரங்கள், மேஜையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடி, நாற்பது வருஷமாகச் சேர்ந்த உதிரிச் சாமான் டப்பாக்கள். பார்த்தவுடன் சொன்னார்:

“தலை போகலை சார். கீறல்தான் போயிருக்கு. கீறலைத் திரும்பப் போட்டுக்கலாம்.”

அதுவரை எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. திருகாணி என்றால் தலை, மரை என்று இரண்டு பாகம் என்பதே என் நினைப்பு. நம் வீட்டுப் பெண்கள் தோட்டில் போடும் திருகாணிக்குக் கீறல் கிடையாது, விரலால் திருகுவது. விரல் போகாத இடத்தில் விரலுக்குப் பதிலாக ஒரு கருவி போக வேண்டும், அந்தக் கருவி உட்காருவதற்குத்தான் கீறல். அது மழுங்கிவிட்டால் தலையும் மரையும் முழுசாக இருந்தும் பயன் இல்லை. பூட்டு நன்றாக இருந்து சாவித்துவாரம் அடைத்துக்கொண்ட மாதிரி.

ஏன் மழுங்குகிறது? பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். திருப்புளியின் நுனி கீறலின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியாக உட்கார வேண்டும். கனம் குறைந்த நுனி கீறலுக்குள் ஆடும்; திருப்பும்போது கீறலின் இரண்டு மேல் விளிம்பை மட்டும் கடிக்கும். எஃகு பிசிறு பிசிறாக எழும்பும். இன்னும் அழுத்தினால் வழுக்கிப் போய்ப் பக்கத்துத் தகட்டில் கோடு போட்டுவிடும். பழைய கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்ததும் திருகாணிகளைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், முன்னால் கைவைத்தவன் அவசரக்காரன் என்று அர்த்தமாம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கொடி மாறிய பிறகும் வகுப்பில் பிரெஞ்சு மாறவில்லை. அப்போது எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார், பெசான்சோன் ஊர்க்காரர். பிரான்ஸில் கடிகாரத் தொழிலுக்குப் பெயர் போன ஊர் அது. அவருடைய அப்பாவுக்குக் கடிகாரப் பட்டறை வேலை. வாத்தியாரின் மேஜை டிராயரில் நாலைந்து சின்னத் திருப்புளிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிற வளையம், அளவுக்கு ஒரு நிறம். “திருகாணியைப் பார்க்காமல் கருவியைக் கையில் எடுத்தால் என் அப்பா கையிலேயே போடுவார்” என்று சொல்வார்.

பிரெஞ்சில் இந்தக் கருவிக்குத் துர்னவீஸ் என்று பெயர், ‘திருகைத் திருப்புவது’ என்று அர்த்தம். தமிழில் திருப்புளி, திருப்பு, உளி. பெயரிலேயே உளி இருப்பதாலோ என்னவோ நம்மில் பலர் அதை உளி மாதிரிக் கூராகத் தீட்டிவிடுகிறோம். பாய் வைத்திருக்கும் திருப்புளி எதுவும் கூராக இல்லை. நுனி மொட்டையாக, இரண்டு பக்கமும் நேராக இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தேய்த்துச் சரிசெய்வாராம்.

சரி, என் கடிகாரத்துக்கு வருகிறேன். கடிபட்ட கீறலின் அடியில் நூல் அளவுக்குச் சுவர் மிச்சம் இருந்தது. பாய் தன் திருப்புளி ஒன்றைக் கல்லில் தேய்த்து அந்த மிச்சத்துக்கு ஏற்ற கனத்துக்குக் கொண்டுவந்தார். திருகாணியைச் சுற்றி ஊசி முனையில் ஒரு துளி எண்ணெய் வைத்தார். “நாளைக்கு வாங்க சார்” என்றார். மறுநாள் என் முன்னாலேயே திருப்புளியைச் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து அழுத்தம் கொடுத்து, மெதுவாகத் திருப்பினார். கழன்று வந்துவிட்டது.

வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். கடுகைவிடச் சின்னத் தலை. அதில் போட வேண்டிய கீறலின் அகலம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நாம் ஆபீஸில் எழுதிய ஃபுல்ஸ்கேப் தாள் இரண்டை ஒன்றாக வைத்தால் வரும் கனம்.

“உங்க டப்பாவில் இதே மாதிரி வேறு இருக்காதா பாய்?” என்று கேட்டேன்.

“இருக்கும் சார். எல்லாம் எவனாவது கடிச்ச தலையாத்தான் இருக்கும்” என்று சிரித்தார்.

பிறகு நடந்த வேலையை முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்.

கடிகாரத் திருகாணி கடினப்படுத்திய எஃகு. அப்படியே அரத்தை வைத்தால் அரம்தான் தேயும். அதனால் முதலில் மெல்லிய கம்பியில் மாட்டி ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டார். இப்போது எஃகு இளகிய பதத்தில் இருக்கும். மரை நசுங்காதபடி பித்தளைத் தகட்டைச் சுற்றி, பேனா மாதிரி இருக்கும் ஒரு கைப்பிடியில் இறுக்கினார். தலையில் எழும்பியிருந்த பிசிறைக் கல்லில் தேய்த்து மட்டம் செய்தார்.

அடுத்து கீறல் போடும் அரம். சவர பிளேடைப் போல மெல்லியது; விளிம்பில் மட்டும் பல். வட்டத் தலையின் நட்டநடுவில் அதை வைப்பதுதான் கஷ்டம். வழுக்கிக்கொண்டு போகும். முதல் மூன்று இழுப்பு அழுத்தம் இல்லாமல் தன் பக்கமாகவே இழுத்தார், ஒரு கோடு விழும் அளவுக்கு. உடனே கைப்பிடியைப் பாதிச் சுற்று திருப்பிக் கண்ணாடியில் பார்த்தார். கோடு நடுவில் இருந்தால் திருப்பினாலும் அதே இடத்தில் தெரியும். ஒரு மயிரிழை விலகியிருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளித் தெரியும். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஆழப்படுத்த ஆரம்பித்தார்.

ஆழத்துக்கும் கணக்கு உண்டு. தலையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் திருப்புளி நிற்காது. பாதியைத் தாண்டினால் ஒருநாள் தலை இரண்டாகப் பிளக்கும். அடி தட்டையாக இருக்க வேண்டும், சுவர்கள் நேராக இருக்க வேண்டும். அடி குறுகிப்போனால் திருப்புளி மேலே எழும்பி வெளியே வந்துவிடும்.

கீறல் முடிந்ததும் மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டார். சுர் என்று ஒரு சின்னச் சத்தம். இப்போது அது அதிகக் கடினம். இந்த நிலையில் திருகினால் கண்ணாடி போல உடையும். அதற்குப் பதம் வேண்டும். தலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு தகட்டில் பித்தளைத் தூளைப் பரப்பி அதன் நடுவில் திருகாணியை நட்டு, கீழே விளக்கைப் பிடித்தார். பித்தளைத் தூள் சூட்டைச் சமமாகக் கொடுக்குமாம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை எஃகு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. பிறகு பழுப்பு. பிறகு ஊதா. பிறகு ஒரு நொடியில் சங்குப்பூ நீலம். அந்த நொடியிலேயே எடுத்துவிட்டார். கிட்டத்தட்ட 300 டிகிரியில் வரும் நிறம் அது. இன்னும் ஒரு மூச்சு தாமதித்தால் நீலம் வெளுத்துப்போய், எஃகும் தேவைக்கு மேல் இளகிவிடும். தெர்மாமீட்டர் எதுவும் இல்லை, கண்தான். அரிவாள் அடிக்கிற பட்டறையில் தோய்ச்சல் பார்ப்பதும் இதே வித்தைதான், அளவு மட்டும் வேறு.

புது ஸ்பிரிங் போட்டு, சுத்தம் செய்து, மூடுவதற்கு முன் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மற்ற திருகாணிகள் வெள்ளை. இது ஒன்று மட்டும் நீலம்.

“தேய்ச்சு வெள்ளையாக்கிடலாமா சார்? ஃபாக்டரியில் வந்தது மாதிரி இருக்கும்.”

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டி அழித்து மேலே எழுதக் கூடாது. தெரியும்படி ஒரு கோடு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். திருத்தம் நடந்தது பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். அந்த நீலத் தலை பாய் போட்ட சுருக்கொப்பம்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சில கைக்கடிகாரங்களில் ஒரே ஒரு திருகாணியின் தலையில் மட்டும் ஒரு கீறலுக்குப் பதில் மூன்று கீறல் இருக்கும். திருப்புவதற்கு நடுக்கீறல் ஒன்றே போதும். மற்ற இரண்டும், ‘நான் இடது மரை, என்னை எதிர்ப்பக்கம் திருப்பு’ என்பதற்கான அடையாளம். சைக்கிளின் இடது பெடலைக் கழற்றியவர்களுக்கும் டேபிள் ஃபேன் இறக்கையின் முன் மூடியைத் திருப்பியவர்களுக்கும் இந்த இடது மரை தெரிந்திருக்கும். தெரியாதவன் பலம் கொண்ட மட்டும் தப்பான பக்கம் திருப்பித் தலையை முறிப்பான். முகம் தெரியாத ஒரு மெக்கானிக் பிற்காலத்தில் முழிக்கக் கூடாது என்று, எங்கோ ஒரு தொழிற்சாலையில் கூடுதலாக இரண்டு கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாம் ஃபைலில் எழுதிவைக்கும் குறிப்பும் இதற்குத்தானே? நாளைக்கு இந்த நாற்காலிக்கு வருகிறவன் தடுமாறக் கூடாது.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

1980-களில் ஒரு ஆபீஸில் தளவாடச் சாமான் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் பெரிய பெண்டுலக் கடிகாரம் ஒன்று சுவரில் இருந்தது. நின்றுபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. உடைந்த நாற்காலிகள், ஒரு டைப்ரைட்டர் இவற்றோடு சேர்த்து அதையும் கழித்துக்கட்டக் குறிப்பு எழுதினேன். ‘பழுதுபார்க்கும் செலவு பொருளின் மதிப்பை விஞ்சும்’ என்று ஒரு வரி. எந்த மெக்கானிக்கையும் கேட்கவில்லை. எல்லாச் சாமானுக்கும் எழுதும் வரி அது, கை தானாக எழுதியது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். ஏலத்தில் ஒரு காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அவர் கடைச் சுவரில் அதே கடிகாரம் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. “என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க, ஒரு ஸ்குரூ மழுங்கிக் கழண்டு கிடந்துச்சு. வெட்டுப் போட்டு முடுக்கினோம், எட்டணா ஆச்சு” என்றார். அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அஸ்தம்பட்டித் தம்பி என்னிடம் “இனிமே முடியாது” என்று சொன்னபோது கோபம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். அவன் வாயால் சொன்னதை நான் அரசாங்கக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவன்.

திருகாணியின் கீறல் ஒரு அனுமதி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இதை உனக்குப் பின்னால் யாரும் திறக்கலாம், பார்க்கலாம், சரிசெய்யலாம் என்று செய்தவன் கொடுக்கும் அனுமதி. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அவர்கள் செய்த கடிகாரங்களை ஊர் ஊருக்கு மாடிப்படி அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் திறந்து மூடினார்கள். கம்பெனியின் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. செய்தவர்கள் போய்விட்டார்கள், கடிகாரம் ஓடுகிறது. திறக்க வழி வைத்துச் செய்ததால்தான் ஓடுகிறது.

இதற்கு நேர்மாறான வழியும் உலகத்தில் வந்தது. 1983-இல் சுவிட்சர்லாந்தில் ஸ்வாட்ச் என்ற பிளாஸ்டிக் கடிகாரம் இறங்கியது. மொத்தமே 51 உறுப்பு. மெஷினைத் தனியாகச் செய்து உள்ளே வைக்காமல், கூட்டையே அடித்தகடாக வைத்து மேலிருந்து அடுக்கிக்கொண்டே வந்து, கண்ணாடியை உருக்கி ஒட்டி மூடிவிட்டார்கள். பேட்டரி மாற்றலாம், மற்றபடி திறக்க முடியாது. அதைக் குறை சொல்லவும் முடியாது. விழுந்துகிடந்த சுவிஸ் தொழிலை அதுதான் தூக்கி நிறுத்தியது. நம் பக்கத்திலும் 1984-இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில், 1965-இல் தருமபுரி பிரியும் வரை நம் சேலம் ஜில்லாவில் இருந்த ஓசூர். குவார்ட்ஸ் கடிகாரத்தை நாடு முழுக்க மணிக்கட்டில் கட்டவைத்த பெருமை அந்த ஊருக்கு உண்டு.

குவார்ட்ஸ் நல்ல சாமான்தான். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து நொடி மாறினால் அதிகம். என் ஜனதா ஒரு நாளிலேயே அவ்வளவு மாறும். ஆனால் மலிவான குவார்ட்ஸ் மெஷின் கெட்டால் யாரும் பழுதுபார்ப்பதில்லை. அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைப்பதுதான் மலிவு. அதனால் பழுதுபார்க்கும் கைக்கு வேலை இல்லை. கைக்கு வேலை இல்லாததால் பழக்கமும் போகிறது. அப்புறம் பழுதுபார்க்கக்கூடிய சாமான் வந்தால்கூட, “மெஷினை மாத்திடலாம்” என்பதுதான் வாயில் வருகிறது.

என் பேரன் கேட்டான்: “தாத்தா, செல்போன்லயே டைம் தெரியுது. இதுக்கு 450 ரூபாய் குடுத்தீங்களா? அதுக்குப் புதுசே வாங்கலாமே?” கணக்கில் அவன் சொல்வது சரி. கணக்கு வைத்து அவனை ஜெயிக்க முடியாது. ஆனால் அவன் கையிலிருக்கும் செல்போனை ஒட்டித்தான் மூடியிருக்கிறார்கள். போன வருஷம் பேட்டரி உப்பியபோது கடைக்காரர் சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பித் திறந்ததை அவனும் பக்கத்தில் நின்று பார்த்தான். இருபதாயிரம் ரூபாய் சாமானுக்கு அந்தக் கதி. அதை ஞாபகப்படுத்தினேன். பதில் சொல்லவில்லை.

பிரான்ஸில் 2021 ஜனவரியில் ஒரு விதி வந்தது. செல்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றை விற்கும்போது, அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு எத்தனை மார்க் என்பதை விலைக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்றது அந்த விதி. கழற்றுவது சுலபமா, உதிரிப் பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்றெல்லாம் பார்த்து மார்க். நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு போட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் காகிதம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிடலாம். அதைச் செய்து கொடுக்க ஒரு கை வேண்டும்.

அந்தக் கை போவதற்கு நாமும்தான் காரணம். 450 ரூபாயில் திருகாணிக்கு எவ்வளவு என்று பாயைக் கேட்டேன். “அதுக்கு எதுக்கு சார் தனியா? ஸ்பிரிங்குக்கும் சர்வீஸுக்கும்தான்” என்றார். முக்கால் மணி நேர வேலைக்குக் கூலி இல்லை. கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்குப் பழகிவிட்டது. மாலில் ஒரு கப் காப்பிக்கு இருநூறு ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுக்கிற நாம், படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். அவருடைய மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவனைத் தப்புச் சொல்ல முடியுமா? “எனக்கப்புறம் இந்த டப்பா எல்லாம் எடைக்குத்தான் சார் போகும்” என்று பாய் சொன்னபோது என் பெண்டுலக் கடிகாரம்தான் ஞாபகம் வந்தது.

நம் ஊரில் கைக்குப் பஞ்சம் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குப் போய்ப் பாருங்கள். மயிரிழை ரம்பத்தில் வெள்ளியை அறுப்பதும், கொலுசின் பூட்டுக்குத் திருகாணி வைப்பதும் அங்கே அன்றாட வேலை. பாய் தன் மெல்லிய ரம்பத் தகடுகளை அங்கிருந்துதான் வாங்குகிறார். அந்தக் கையும் கண்ணும் இருக்கிற பத்துப் பேருக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்க ஆறு மாதம் போதும். ஐ.டி.ஐ.யோ, தொழிற்சங்கமோ, ரோட்டரி மாதிரி ஒரு சங்கமோ முன்வந்து, பாயைப் போன்றவர்களுக்கு வாத்தியார் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தால் நடக்கும். அவர்கள் இருக்கும்போதே நடக்க வேண்டும்.

நம்மால் ஆனதும் உண்டு. பழுதுபார்க்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். ஒரு சாமான் வாங்கும்போது, “கெட்டால் இதைத் திறக்க முடியுமா? யார் திறப்பார்கள்?” என்று கடைக்காரரைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் பதில் தேடிவைப்பார். “இனிமே முடியாது” என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரையும் கேளுங்கள். நான் கேட்காமல் எழுதிய வரிக்கு இதுவே பரிகாரம்.

கடிகாரம் சரியான பிறகு அந்தத் தம்பியின் கடைக்குப் போனேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். பின்மூடியைத் திறக்கச் சொல்லி நீலத் திருகாணியைக் காட்டினேன். கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

“எனக்கு யாரும் இதெல்லாம் சொல்லிக் கொடுக்கலீங்க சார். செல்லுல வீடியோ பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்” என்றான்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டித் திருப்புளி செட். எல்லா நுனியும் ஒரே மாதிரிக் கூர். சாணைக்கல் இல்லை. பாயின் கடைக்கு வழி சொன்னேன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை குறைவு. இரண்டு ஞாயிறு போனான். பழைய திருகாணிகளில் கீறல் போட்டுப் பழகினானாம். ஐந்தில் நாலு கோணல் என்று பாய் சொன்னார். “ஒண்ணு நேரா வந்துச்சே, போதும் சார்.” மூன்றாவது ஞாயிறு அவன் வரவில்லை. ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் நம் ஊரில் வேறு என்ன ஓடும்? பண்டிகை முடியட்டும், போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன்.

ஸ்பிரிங்கைப் பற்றியும் பாயிடம் கேட்டேன். நான் அழுத்தித் திருப்பியதால்தான் அறுந்ததா என்று.

“சாவி ஜாஸ்தியாக் கொடுத்து யாரும் ஸ்பிரிங்கை அறுக்க முடியாது சார். அதுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்.”

இப்போது காலை ஆறு மணிக்கு டிகாக்‌ஷன் போட்டுவிட்டு நானே எடுத்துத் திருப்புகிறேன். இருபத்திரண்டில் கை நிற்கிறது.